ஓபேத் ஹீவாவும் பதின்மூன்றாவது தலையும்

வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், ஓபேத் ஹீவா தன் தோணியை எடுத்துக்கொண்டு நுசா லேகாவுக்குப் போய்ப் பன்னிரண்டு பேரிடம் குசலம் விசாரித்துவிட்டு வருவார். அந்தப் பன்னிரண்டு பேரும் செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஊரில் உயிரோடு இருப்பவர்களைவிட அவர்கள் நன்றாகக் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்பது அவர் கட்சி.

நுசா லேகா பெரிய தீவு ஒன்றும் இல்லை. ஒரு பாக்கை மென்று துப்புவதற்குள் சுற்றி வந்துவிடலாம். ரொவியானாக் காயலில் அப்படி எத்தனையோ கிடக்கின்றன. இதன் நடுவில் பவழக்கல் அடுக்கிய மேடு, மேட்டின் மேல் ஓலை வேய்ந்த சின்ன மரக்கூடு, கூட்டுக்குள் எங்கள் பழைய தலைவர்கள் பன்னிரண்டு பேரின் மண்டை ஓடுகள், பக்கத்தில் அவர்களுடைய சிப்பி வளையங்கள். காவல் ஹீவா குடும்பத்துடையது. தாத்தா பார்த்தார், அப்பா பார்த்தார், இப்போது அறுபத்துமூன்று வயதில் ஓபேத் பார்க்கிறார்.

மண்டை ஓட்டைப் பார்த்தால் மனிதனுக்குக் கை அரிக்கும். இதை அவர் முப்பது வருடமாகப் பார்த்து வருகிறார். உல்லாசக் கப்பலில் வரும் வெள்ளைக்காரர்களும் சரி, தலைநகர் ஹோனியாராவிலிருந்து கோப்பும் கையுமாக வரும் அதிகாரிகளும் சரி, யாரும் விதிவிலக்கில்லை. முதலில் "ஐயோ" என்று ஓரடி பின்னால் போவார்கள். பிறகு இரண்டடி முன்னால் வருவார்கள். அது பயமா, பாசமா, சாமான் ஆசையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் கண்குழிக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தால் தேவலை என்று முகத்தில் எழுதியிருக்கும். ஓபேத்தும் ஏழு வயதில் விட்டுப் பார்த்தவர்தான். அப்பா கொடுத்த அறையில் காது இரண்டு நாள் ரீங்கரித்தது. அதனால் ஆசைப்படுகிறவர்கள் மேல் அவருக்குக் கோபமில்லை. பையைத் திறக்கிறவர்கள் மேல்தான் கோபம்.

பை திறக்காமல் இருக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். அதட்ட மாட்டார், பலகை எழுதித் தொங்கவிட மாட்டார். ஒவ்வொருவராகக் காட்டி அவர்களுடைய குறைகளைச் சொல்லுவார்.

"இவருக்கு மூட்டுவலி. மழைக்காலம் வந்தா ரொம்பப் படுத்துறாரு. இவரு பொண்டாட்டிக்குப் பயந்தவரு, பக்கத்துல நின்னு சத்தமா பேசாதீங்க. இவருதான் பெரிய தலைவர் வோங்கே. நெத்தியில வலப்பக்கம் பள்ளம் தெரியுதா? ஒரு சூரை மீனுக்காகக் கூடப்பொறந்த தம்பி துடுப்பால போட்ட போடு."

மூட்டுவலிக்காரரைத் தூக்கிப் பையில் போட்டுக்கொள்ள யாருக்கும் மனது வராது. முப்பது வருடத்தில் ஒரு பல்கூடக் குறைந்ததில்லை. 'எங்க குடும்பத்துக் கையிலேர்ந்து ஒரு தலைவர் தலை வெளிய போனதில்ல' என்று அவர் பீற்றிக்கொள்ளாத விருந்து இல்லை, சாவு வீடு இல்லை.

இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர் ஒருவர் உண்டு. அவர் மனைவி ஹில்டா. கிழக்கே இசபெல் தீவில் பிறந்தவர். நாற்பது வருடத்துக்கு முன் எங்கள் ஊருக்கு வாழ வந்தவர், இன்னும் எங்கள் ஊர்க் களியில் தேங்காய்ப்பால் பற்றாது என்று குறை சொல்லிக்கொண்டிருப்பவர்.

"ஏய்யா, செத்தவனுக்கு மூட்டுவலின்னு உலகத்துக்கே சொல்ற. எனக்கு இடுப்புவலின்னு நாலு மாசமாக் கத்தறேன், ஒரு நாள் எண்ணெய் தேச்சு விட்டிருப்பியா?"

"நீதான் வாய் விட்டுச் சொல்லிடறியே. அவங்களுக்கு அந்த வசதி இல்லல்ல, நாமளா கேட்டுத் தெரிஞ்சிக்கணும்."

"நானும் செத்துத் தொலைஞ்சா கேப்ப போல."

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் அந்தக் கடிதம் வந்து விழுந்தது.

கடிதம் வந்தது ஊர்த் தலைவர் வில்சன் பானாவுக்கு. பெரிய தலைவர் வோங்கேயின் நேர் வாரிசு என்பதால் வில்சன் நடக்கும்போதே கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மாமரத்தடியில் எல்லாரையும் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். எழுதியிருந்தது ஆஸ்திரேலியாவில் டுவூம்பா என்ற ஊரிலிருந்து மார்ஜரி டன்ஸ்டன் என்ற அம்மாள். அவருடைய தாத்தா எங்கள் பக்கம் கொப்பரை வியாபாரம் செய்தவராம். 1926ஆம் வருடம் ஹீவா என்பவரிடம் இரண்டு கோடரியும் ஒரு பெட்டிப் புகையிலையும் கொடுத்து, தலைவர் வோங்கேயின் மண்டை ஓட்டை வாங்கிப் போனாராம். தொண்ணூறு வருடமாக அது அவர்கள் வீட்டுப் பியானோ மேல் இருக்கிறதாம். செய்யக்கூடாத காரியம் என்று இப்போது தெரிகிறது, தானே கொண்டுவந்து ஒப்படைக்க அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தார்.

வாசித்து முடித்ததும் மாமரத்தடியில் இருந்த அத்தனை கழுத்தும் ஒரே பக்கமாகத் திரும்பின.

"ஓபேத்," என்றார் வில்சன். "உங்க தாத்தா பேரு என்ன?"

"ஹீவா."

"அந்தக் காலத்துல நம்ம ஊர்ல வேற ஹீவா யாராவது உண்டா?"

"கோழிக்குக்கூட அந்தப் பேர் கிடையாது, தலைவரே."

அவ்வளவுதான். ஊர் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. மறுநாளே மீன் விற்கிறவன் படகை நிறுத்திக் கூப்பிட்டான்: "ஓபேத்தண்ணே, எங்க மாமியார் தலைக்கு எத்தன கோடரி தேறும்?" தலைவரோ கேலி செய்யவில்லை. பெரிய தலைவரைப் பன்றி அடித்து, குழல் வாத்தியத்தோடு வரவேற்பது, அன்றைக்கே நுசா லேகாவின் காவலை ஹீவா குடும்பத்திடமிருந்து எடுத்துத் தன் மருமகனிடம் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டார். வானொலியிலும் சொல்லியாயிற்று.

ஓபேத் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். வோங்கே எங்கேயும் போகவில்லை, நெற்றிப் பள்ளத்தோடு கூட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். டுவூம்பாவுக்குப் போனது என்ன என்பதும் தெரியும். ஆனால் அவருடைய அப்பா சாகிற நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு, "இத யார்கிட்டயும் சொல்லிடாத. வெள்ளக்காரன் பேரப்பிள்ளைங்க கோடரியத் திருப்பிக் கேட்டு வந்துடப் போறாங்க" என்று சத்தியம் வாங்கியிருந்தார். இரண்டில் ஒரு கோடரி ஓபேத் வீட்டில் இன்னும் விறகு பிளந்துகொண்டிருந்தது. தவிரவும், வெறும் வாயால் சொன்னால், கூட்டில் இருப்பது தாத்தா வைத்த போலி என்று ஊர் சொல்லும். அந்தத் தலை வரட்டும், எல்லார் கண் முன்னாலும் உண்மையை உடைக்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

மார்ஜரி அம்மாள் வந்து இறங்கினார். எழுபத்தொரு வயது, பியானோ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், வெயிலில் இறால் போலச் சிவந்திருந்தார். தலை இருந்த பெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. படகில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மாமரத்தடியில் போட்டிருந்த பாயில் உட்கார்ந்து திறந்தார். மஞ்சள் கம்பளிச் சட்டை ஒன்றில் சுற்றி வைத்திருந்தார்.

"எங்க வீட்டுல இவர பெர்சின்னு கூப்பிடுவோம். அதுக்கு மன்னிக்கணும்," என்று ஆரம்பித்தார். "கிறிஸ்துமஸ் அன்னைக்கு இவருக்குக் காகிதத் தொப்பி போடுவோம். அதுக்கும் மன்னிக்கணும். நான் பரீட்சைக்குப் போறப்போ இவர் நெத்தியத் தொட்டுட்டுத்தான் போவேன். என் கல்யாணம் முறிஞ்சப்போ மொதல்ல இவர்கிட்டதான் சொன்னேன், அப்புறம்தான் எங்கம்மாகிட்ட. இவர் எங்க வீட்டுல இருந்திருக்கவே கூடாது. அது எனக்குத் தெரியும். ஆனா பியானோ மேல அந்த எடம் காலியாக் கெடக்கறதப் பாக்க முடியாம ஒரு பூந்தொட்டிய வச்சிட்டு வந்திருக்கேன்."

பெண்கள் அழுதார்கள். வில்சன் பானா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். ஓபேத் அழவில்லை, நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டை மாதிரி வழவழவென்று இருந்தது.

"தலைவரே, அழுது முடிச்சிட்டீங்கன்னா ஒரு நிமிசம் தோணியில ஏறுங்க," என்றார். "நெசமான வோங்கேயக் காட்டறேன்."

பதினெட்டுத் தோணிகள் நுசா லேகாவுக்குப் போயின. அந்தச் சின்னத் தீவில் நிற்க இடமில்லாமல் பாதிப் பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். கூட்டுக்குள் வோங்கே தம்பி கொடுத்த பள்ளத்தோடு அமைதியாக இருந்தார். மார்ஜரி மடியில் இன்னொரு வோங்கே இருந்தார். வில்சன் இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தன் கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு தலை இருந்திருக்க வாய்ப்பு உண்டா என்று அவர் யோசிப்பது போலவே இருந்தது.

அப்போதுதான் ஓபேத் கதையை அவிழ்த்தார். டன்ஸ்டன் துரை மாதக்கணக்கில் 'தலைவர் தலை, தலைவர் தலை' என்று நச்சரித்தாராம். கொடுக்காவிட்டால் திருடிவிடுவார் என்று தாத்தாவுக்குப் புரிந்துவிட்டது.

"அதுக்கு முன்னயே தாத்தாகிட்ட வேற தலை ஒண்ணு இருந்துச்சு. படகுக் கொட்டகை உத்திரத்துல வரிசையாத் தொங்குமே, அதுல ஒண்ணு. பாதிரியார் வந்து எல்லாத்தையும் ஆழக்கடல்ல போடச் சொன்னப்போ, தாத்தா சின்னப் பையன். ஒண்ண மட்டும் பாய்க்குள்ள சுருட்டி எடுத்து ஒளிச்சு வச்சிக்கிட்டாரு. ஏன் தாத்தான்னு எங்கப்பா கேட்டதுக்கு, அழகா இருந்துச்சுடான்னாராம். அதுல தூண்டில் முள்ளு போட்டு வச்சிருந்தாராம்! அந்த முள்ள எல்லாம் கொட்டிட்டு, மூணு நாள் பொகை காட்டி, சிப்பி வளையம் ஒண்ணக் கட்டி, மாரடிச்சு அழுதுகிட்டே கொண்டு போனாரு. 'தொரை! தலைவர் வோங்கே! என் உசுரையே தரேன் தொரை!' தொரையும் கூடச் சேந்து அழுதாராம்."

தண்ணீரில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் நண்டெல்லாம் வளைக்குள் ஓடியிருக்கும். வில்சன்கூடப் பின்பக்கம் சாய்வதை மறந்து குனிந்து சிரித்தார். மார்ஜரி வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்க தாத்தாவுக்கே காது குத்திட்டாரா! அவர யாருமே ஏமாத்த முடியாதுன்னு எங்க வீட்டுல பெருமையாப் பேசுவாங்களே!"

அடித்த பன்றியை என்ன செய்வது, சாப்பிட்டார்கள். வரவேற்பு விருந்து ஓபேத்தின் விருந்தாக மாறியது. காவல் எங்கேயும் போகாது என்று வில்சன் கட்டிப் பிடித்துச் சொன்னார். ஓபேத் கதையை இரண்டாம் முறை சொன்னார், கோடரி மூன்றானது. மூன்றாம் முறை நான்காகி, புகையிலை இரண்டு பெட்டியானது. அழுகிற தாத்தாவாகவும் அழுகிற துரையாகவும் மாறி மாறி நடித்தார். அறுபத்துமூன்று வருட வாழ்க்கையில் அதுபோல ஒரு மத்தியானம் அவருக்கு வாய்த்ததில்லை.

களி பரிமாறிக்கொண்டிருந்த ஹில்டாவும் முதல் இரண்டு தடவை கண்ணில் நீர் வரச் சிரித்தார். மூன்றாம் தடவை கரண்டி பாதியில் நின்றது.

"அப்போ இது யாரு?" என்று கேட்டார்.

"எது?"

"உங்க தாத்தா தூண்டில் முள்ளு போட்டு வச்சிருந்தாரே. இது."

"அது... கொட்டகையில இருந்தது."

"கொட்டகைக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

காயலில் யாரைக் கேட்டாலும் தெரியும். எங்கள் பெரியவர்களின் போர்ப் படகுகள் கிழக்கே இசபெலுக்குப் போகும், வெட்டிய தலைகளின் எண்ணிக்கையோடு திரும்பும். கடைசியாகப் போனது ஹில்டாவின் ஊருக்கு. எங்கள் தலைவர்களுக்குக் கூடும் வளையமும் குசலமும். கொண்டுவந்த தலைகளுக்கு உத்திரமும் புகையும். வெள்ளைக்காரனைத் திட்ட எங்களுக்கு நாக்கு நீளும். அவன் பியானோ மேல் வைத்தான், நாங்கள் கொட்டகையில் மாட்டினோம். அவனாவது ஒன்றை விலை கொடுத்து வாங்கினான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

"கிழக்கேர்ந்து," என்றார் ஓபேத்.

ஹில்டா கரண்டியை வைத்தார். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார். பாயில் இருந்ததை மஞ்சள் கம்பளிச் சட்டையோடு சேர்த்து எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் ஊர்க்காரரின் தலையை வைத்து அவர் புருஷன் மூன்று தடவை ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறார், அவரும் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்புத்தான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

மார்ஜரியைத் தங்க வைத்திருந்தது ஓபேத் வீட்டில். பாவம், அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. ஹில்டா புருஷனோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

"மார்ஜரி, அங்க நிக்கறவர்கிட்ட சொல்லுங்க, பானையில கெழங்கு இருக்குன்னு."

மார்ஜரி கடமை தவறாமல் திரும்பி, "பானையில கெழங்கு இருக்காம்," என்பார்.

"கேட்டுச்சு மிசிஸ்."

"கேட்டுச்சாம், ஹில்டா."

வில்சன் வந்து கோயில் நிலத்தில் அடக்கம் செய்துவிடலாமே என்றார். ஓபேத் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, பேசாமல் இருந்திருக்கலாம், பேசினார்.

"நம்ம பன்னெண்டு பேரோட பதிமூணாவதா வச்சுட்டா என்ன? நானே பாத்துக்கறேன். வர்றவங்ககிட்ட இவரப் பத்தியும் மூட்டுவலி கீட்டுவலின்னு நல்லதா நாலு வார்த்தை..."

"மார்ஜரி, கேட்டீங்களா? வெட்டிட்டு வந்தவங்க மடியிலேயே கொண்டு போய் உக்கார வைக்கணுமாம். வர்றவங்களுக்கு வேடிக்கை காட்டணுமாம்."

இதை மார்ஜரி திருப்பிச் சொல்லவில்லை. ஓபேத்தும் கேட்டதாகச் சொல்லவில்லை.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள் மார்ஜரி தயங்கித் தயங்கி ஹில்டாவிடம், நெற்றியை ஒரே ஒரு தடவை தொட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். ஹில்டா பெட்டியைத் திறந்தார்.

"தொட்டுக்கோங்க. ஆனா பெர்சின்னு கூப்பிடாதீங்க."

"வேற எப்படிக் கூப்பிடறது?"

ஹில்டாவுக்கும் அது தெரியவில்லை. இரண்டு பெண்களும் சேர்ந்து அழுதார்கள். ஓபேத் வாசலில் நின்று, விறகே தேவையில்லாத நேரத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"மார்ஜரி, அவர்கிட்ட சொல்லுங்க. வெள்ளிக்கெழமைக் கப்பல்ல நான் எங்க ஊருக்குப் போறேன், இவரோட. திரும்பி வருவனா இல்லையான்னு அங்க போய்த்தான் எனக்கே தெரியும்."

மார்ஜரி இதைத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. ஓபேத்தின் கையில் கோடரி அப்படியே நின்றது. காவல் போய்விடும் என்றபோது அவருக்கு அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். இது அப்படி இல்லை. ஹில்டா இல்லாத வீட்டுக்குத் திங்களும் வியாழனும் தோணியைத் திருப்பிக்கொண்டு வருவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"நானும் வரேன்," என்றார். "பெட்டிய நான் தூக்கிக்கறேன்."

"தூக்கறதுல உங்க குடும்பத்துக்கு யாரு சொல்லித் தரணும்," என்றார் ஹில்டா. நான்கு நாளுக்குப் பிறகு நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. ஓபேத் அதையும் லாபமாகவே எடுத்துக்கொண்டார்.

ஹோனியாரா போய்க் கப்பல் மாறி, எல்லாமாக மூன்று நாள் பயணம். இரண்டாவது கப்பலில் சீட்டுக் கிழிக்கிறவன் பெட்டியைத் தட்டினான்.

"உள்ள என்ன, பெரியவரே?"

"எங்க சொந்தக்காரர்," என்றார் ஹில்டா முந்திக்கொண்டு.

"சொந்தக்காரர்னா சீட்டு எடுக்கணுமே," என்று சிரித்துக்கொண்டே மூடியைத் தூக்கியவன், மெதுவாக மூடிவிட்டு, பயணம் முடிகிறவரை அவர்கள் பக்கமே வரவில்லை. பாக்கு விற்கிறவனையும் வர விடவில்லை.

ஹில்டாவின் ஊர் தோகாலே, மலைச்சரிவில் நாற்பது வீடுகள். இசபெலில் வீட்டுக்கு வேர் தாய்வழிதான். அந்த வீட்டின் பெரியவர் ஹில்டாவின் பெரியம்மா எமிலின், எண்பத்தெட்டு வயது, பல் ஒன்றுகூடக் கிடையாது, பேச்சுக்கு அது ஒரு தடையாகவும் இல்லை. ஊர் முழுக்கக் கூடி உட்கார்ந்திருந்தது. ஓபேத்தின் கையிலிருந்து பெட்டியை வாங்க யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் ஹில்டாவைப் பார்த்தார்.

"என்னை என்ன பாக்கற? கதை சொல்ல உனக்குத்தான் வருமே. சொல்லு."

சொன்னார். அதே கதைதான். உத்திரம், பாய், தூண்டில் முள், புகை, கோடரி. கோடரி இரண்டாகவே இருந்தது. அழுகிற தாத்தா வந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருந்தது என்று அவருக்கே மறந்துபோயிற்று.

எமிலின் கேட்டார்: "உங்க ஆளுங்க வந்துட்டுப் போனப்போ இந்த ஊர்ல நாப்பத்தோரு பேர் போனாங்க. வருசா வருசம் நவம்பர்ல கோயில்ல பேரப் படிக்கறோம். இது அதுல யாரு?"

"தெரியல, பெரியம்மா."

"மத்த நாப்பது?"

"ஆழக்கடல்ல."

"யார் போட்டது?"

பாதிரியார் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலம் அப்படி என்றும் சொல்லியிருக்கலாம். "நாங்கதான்," என்றார் ஓபேத்.

கிழவி ரொம்ப நேரம் வெறும் ஈறை மென்றுகொண்டிருந்தார்.

"சரி. மருமகன் சும்மா உக்காந்திருந்தா வீட்டுக்கு ஆகாது. குழி வெட்டு."

மருமகனுக்குக் கடினமான வேலை என்பது அங்கே வழக்கம். இளையவர்கள் உதவிக்கு வந்தபோது கிழவி விரட்டிவிட்டார். கோயிலுக்குப் பின்னால் தரையெல்லாம் கல். எமிலின் நாற்காலி போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். "இதென்ன, குழி வெட்டறியா, கோழி கெளறுதா?" என்றார். "காயல்காரன் தண்ணியில சூரன், தரையில ஒண்ணுத்துக்கும் ஆகமாட்டான்" என்றார். ஓபேத்துக்கு அந்தத் திட்டு ஒவ்வொன்றும் இதமாக இருந்தது. வேண்டாதவனை யாரும் அவ்வளவு அக்கறையாகத் திட்ட மாட்டார்கள்.

ஜெபம் சொல்லி அடக்கம் செய்த பிறகு பலகையும் வெள்ளை வர்ணமும் வந்தன.

"யார்னு தெரியாதுல்ல," என்றார் எமிலின். "அதனால எல்லார் பேரையும் எழுது. நான் சொல்லச் சொல்ல."

கோஃபே. லிகி. லிகியின் தங்கை பாகுவா. பாகுவாவைக் கட்டிக்கொள்ள இருந்த தாவுகே. கிழவிக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உறவு சொன்னார். பதினெட்டாவது பெயரோடு பலகை நிறைந்துவிட்டது. இன்னொன்று கொண்டுவரச் செய்தார்கள். "சின்னதா எழுத வராதா உனக்கு?" என்று கிழவி கடிந்தார். பெயர் ஏற ஏற ஓபேத்துக்குத் தலை தாழ்ந்துகொண்டே போயிற்று. வெயில் சாய்கிற நேரத்தில் நாற்பது முடிந்தது.

"நாப்பத்தொண்ணு?" என்றார் தூரிகையைத் தோய்த்துக்கொண்டு.

"அதுக்குப் பேர் இல்ல," என்றார் எமிலின். "பொறந்து ஆறு நாள். எட்டாம் நாள்தான் நாங்க பேர் வைப்போம். கோயில்ல படிக்கறப்போ அந்த எடத்துல கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்."

தூரிகையிலிருந்து வர்ணம் சொட்டியது.

"நீயே வை," என்றார் ஹில்டா.

"நானா?"

"வைக்க விடாமப் பண்ணது உங்க ஆளுங்க. நீயே வை."

ஆணா பெண்ணா என்று கேட்டார். தெரியாது என்றார்கள். தாத்தாவின் பெயர் நினைவுக்கு வந்தது, கூசியது. வோங்கே வந்தது, இன்னும் கூசியது. அவரிடம் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள, யாரிடமிருந்தும் எடுக்காதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. குனிந்து, பலகையின் அடியில் மீதியிருந்த இடத்தில், கோணல் மாணலாக ஓபேத் என்று எழுதினார்.

எமிலின் கிட்டே வந்து கண்ணை இடுக்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இது பைபிள் பேராச்சே. அந்தப் பிள்ள போனப்போ இந்தப் பக்கம் பைபிளே வரலியே."

"இப்ப வந்துடுச்சுல்ல, பெரியம்மா," என்றார் ஹில்டா. புருஷன் கையிலிருந்து தூரிகையை வாங்கிக் கீழே வைத்தார். "எந்திரி, கை கழுவு, சாப்பிடணும். நாளைக்குக் கப்பல்ல ரெண்டு பேருக்கும் எடம் சொல்லி வச்சிருக்கேன்."